கரித்துணி

பெட்டியடுப்பின் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தான் அம்மாவாசை. பார்த்தவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே அழுக்கே இல்லை. ஒரு பொட்டுக் கரி கிடையாது, சிந்தின எண்ணெய் கிடையாது, தீய்ந்து ஒட்டின துணுக்கு ஒன்று கிடையாது. பீங்கான் பூசின சுவர்கள் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல இருந்தன. கதவின் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அந்த இடத்திலேயே அழுக்காக இருந்தது அந்த முகம் ஒன்றுதான்.

"ஃபூரை முதல்ல சுத்தம் பண்ணு. அப்புறம்தான் மத்த வேலை" என்று சொல்லிவிட்டு மதாம் செலஸ்தின் கூடத்துக்குப் போய்விட்டாள். ஃபூர் என்று அந்தம்மாள் சொன்னது கேக்கு வேகவைக்கிற இந்த அடுப்பைத்தான். அவன் பெண்சாதி தனக்கொடிக்கு அது பெட்டியடுப்பு. இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாக நின்றது. பின்னால் கேஸ் குழாய், முன்னால் கதவு. மதாமின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தபோது கப்பலில் கொண்டுவந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அடுப்பு இருக்கிறது.

அம்மாவாசை மில் ஆள். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பகுதியில் மெஷின் துடைப்பதும் தரை கூட்டுவதும்தான் அவனுக்குத் தெரிந்த தொழில். மில் கேட்டில் பூட்டுத் தொங்க ஆரம்பித்து ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. திறப்பார்கள் என்று ஒருவன் சொல்வான், திறக்கமாட்டார்கள் என்று இன்னொருவன் சொல்வான். அதுவரை வீட்டில் உலை கொதித்தது தனக்கொடியால்தான். உழவர்கரையிலிருந்து விடியுமுன் கிளம்பி, வாய்க்காலைத் தாண்டி, கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த இந்த வீட்டுக்கு வந்து வேலை செய்துவிட்டுப் போவாள். ஐப்பசி மழையில் தெருக்குழாயடிப் பாசி வழுக்கி விழுந்தாள். கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டுப் படுத்துவிட்டாள்.

படுத்தவள் சும்மா படுக்கவில்லை. மதாமுக்கு ஆள் அனுப்பிச் சொன்னாள்: நான் எழுந்திருக்கிற வரைக்கும் என் வீட்டுக்காரர் வந்து செய்வார்.

"நானா? பாத்திரம் துலக்கவா?" என்றான் அம்மாவாசை.

"ஆமாய்யா. வேற யாரு இருக்கா? எடம் போயிடும். அடுத்த சந்து வேம்பு எப்ப எப்பன்னு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறா. ரெண்டு நாளு காலியாக் கெடந்தா அவ உள்ள பூந்துடுவா. அப்புறம் நம்ம ரெண்டு பேரும் மில்லு பூட்டையும் மாவுக்கட்டையும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க வேண்டியதுதான்."

அதனால்தான் இப்போது பெட்டியடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தான்.

தனக்கொடி சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருந்தது. சாம்பல் கூடாது, தேங்காய் நார் கூடாது, மணல் கூடவே கூடாது. ஆப்பசோடாவை எலுமிச்சைச் சாற்றில் குழைத்துத் தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, பழைய படுக்கை விரிப்பில் கிழித்த வெள்ளைத் துணியால் வழித்தெடுக்க வேண்டும். கம்பித் தட்டைக் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும். கதவு ஓரத்து ரப்பரில் கை வைக்கவே கூடாது. அப்படியே செய்தான். தடவின சோடா வெள்ளையாகப் போனது, வழித்தபோதும் வெள்ளையாகவே வந்தது. துணியை விரித்துப் பார்த்தான். போட்டதைத்தான் எடுத்திருந்தான்.

மதாம் வந்தாள். ஒல்லியான அம்மாள். பூப்போட்ட கவுன், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, மூக்கில் இறங்கி நிற்கிற கண்ணாடி. பெட்டியடுப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டினாள்.

"துணி."

கொடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பிடித்து, இந்தப் பக்கம் பார்த்தாள், திருப்பி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ம்" என்றாள். அவ்வளவுதான். துணியை அவன் கையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த 'ம்' அவனை வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

"ம்முன்னா என்னா அர்த்தம்?" என்று தனக்கொடியிடம் கேட்டான்.

"ம்முன்னா ம்முதான்."

"சந்தோசமா, கோவமா?"

"அந்தம்மா சந்தோசமா இருந்து நான் பாத்ததில்ல. கோவமா இருந்தா பிரெஞ்சுல திட்டும். திட்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்னா? போய் கால நீட்டிப் படுய்யா."

"அடுப்புல ஒண்ணுமே இல்லியே தனக்கொடி. சமைக்காத அடுப்ப எதுக்குத் தொடைக்கணும்?"

"கிறிஸ்துமசுக்கு கேக்கு போடுவாங்க. மகன் பிரான்சுலேர்ந்து வந்தா என்னமோ கோழி வைப்பாங்க. மத்த நாளு சும்மாதான் கெடக்கும். சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை தொடைக்கணும். நானும் ஆரம்பத்துல கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அப்புறம் கேக்கிறத உட்டுட்டேன். நீயும் உட்டுடு."

அவனால் விட முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் துணி வெள்ளையாகத்தான் வந்தது. மதாம் வாங்கிப் பார்த்தாள். இந்தத் தடவை 'ம்' இன்னும் சின்னதாக இருந்ததுபோல அவனுக்குப் பட்டது. அன்றைக்கு வேலை முடித்து வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே மரத்தடியில் வேம்பு நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பூ வைத்துக்கொண்டு.

"என்னாண்ணே, அக்கா காலு எப்டி இருக்கு?" என்று சிரித்தாள். "ஆம்பளைக்கி இதெல்லாம் சரிப்படுமா? சும்மா இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன். மதாம் இருக்காங்களா?"

அவன் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தான். மில் கேட்டுக்கு எதிர்ப்புறம் இருந்த டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தான். கூட வேலை செய்த ராமலிங்கம் அங்கேதான் இருப்பான். பூட்டைக் காவல் காக்கிறவன்போல எப்போதும் அங்கேயே இருப்பான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

ராமலிங்கம் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு, "நீயெல்லாம் மில்லுல என்னத்தக் கத்த?" என்றான்.

"ஏன்?"

"அந்தம்மா எதப் பாக்குது? அடுப்பையா, துணியையா?"

"துணியத்தான்."

"நம்ம மேஸ்திரி எதப் பாப்பாரு? மெஷினையா, சாக்கையா?"

அம்மாவாசைக்குத் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது மாதிரி இருந்தது. ஷிப்டு முடிகிற நேரத்தில் மேஸ்திரி மெஷினைப் பார்த்ததே இல்லை. கழிவுப் பஞ்சுச் சாக்கைத்தான் காலால் உதைத்துப் பார்ப்பார். சாக்கு கனத்தால் ஆள் வேலை செய்திருக்கிறான். சாக்கு தொளதொளவென்று இருந்தால் ஆள் தூங்கியிருக்கிறான். மெஷின் சுத்தமாக ஓடுகிற நாளில் கழிவுக்கு எங்கே போவது? பக்கத்து மெஷின்காரனிடம் ரெண்டு பிடி கைமாற்று வாங்கிப் போட்டுக் காட்டுவார்கள். எல்லாரும் செய்கிறதுதான். மேஸ்திரிக்கும் தெரியும். சாக்கு கனத்தால் சரி.

"துணிய வெள்ளையாக் கொண்டுபோய் நீட்டுனா, நீ வேல செஞ்சேன்னு அந்தம்மாவுக்கு எப்படிய்யா தெரியும்?" என்றான் ராமலிங்கம். "சொம்மா ஒக்காந்துட்டு வந்து துணிய நீட்டுறான்னுதான் நெனைக்கும்."

"தனக்கொடி குடுத்த துணியும் வெள்ளையாத்தான் இருந்திருக்கும்?"

"அது பழகின ஆளு. நீ புதுசு. புது ஆளுக்குச் சாக்கு கனமா இருக்கணும்."

நியாயமாகத்தான் பட்டது. அடுத்த சனிக்கிழமை காலையில், தனக்கொடி கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சோற்றுச் சட்டியின் அடியில் படிந்திருந்த கரியைக் கரண்டிக் காம்பால் சுரண்டினான். ஒட்டிப் பிடிக்கட்டும் என்று ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தான். வாழைச்சருகில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். போகிற வழியெல்லாம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சைக்கிளை மிதித்தான்.

அன்றைக்குப் பெட்டியடுப்பை மற்ற நாளைவிட ஒழுங்காகவே துடைத்தான். யாரையும் ஏமாற்றுகிற எண்ணம் அவனுக்கு இல்லை. செய்த வேலைக்குத் தடயம் வேண்டும், அவ்வளவுதான். துடைத்து முடித்து, துணியின் நடுவிலும் ஓரத்திலும் கரியைத் தேய்த்தான். கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துவிட்டான்.

"துணி" என்று கை நீட்டினாள் மதாம்.

கொடுத்தான். மதாம் வெளிச்சத்தில் பிடித்தாள். 'ம்' வரவில்லை. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

அந்தக் குரலை அம்மாவாசை பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். "உள்ள மூலையில இருந்துச்சு மதாம். கண்ணுக்கே தெரியாது. நான் உடல, அழுத்தித் தேச்சு எடுத்துட்டேன்."

"மூலையில?"

"நாலு மூலையிலும் மதாம். எண்ணெப் பிசுக்கு வேற. நெறைய இருந்துச்சு."

மதாம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் வாயிலிருந்து பிரெஞ்சில் என்னவோ வந்தது. திட்டுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது, ஏன் என்றுதான் தெரியவில்லை.

"ஈஸ்டருக்குப் பின்னாடி இந்த ஃபூரை நான் பத்த வைக்கவே இல்ல" என்றாள் தமிழில். "அப்ப யார் வச்ச கரி இது?"

அம்மாவாசை கரி ஒட்டியிருந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"வாராவாரம் எதுக்குத் துணிய வாங்கிப் பாக்குறேன்னு நெனச்ச? வேடிக்கையா? நான் கோயிலுக்குப் போற நேரத்துல யாராச்சும் தொட்டாங்களான்னு பாக்கத்தான். இத்தன வருசமா நான் பத்த வைக்காத வாரத்துல ஒரு தரம்கூடக் கறுப்பு வந்ததில்ல. அலோர், அப்டின்னா இப்ப தெரியுது. தொடைக்கிறவளும் அவ, சமைக்கிறவளும் அவ. கறுப்புத் துணிய ஒளிச்சிட்டு எங்கிட்ட வெள்ளைத் துணியக் காட்டியிருக்கா. அவ கால் ஒடஞ்சு படுத்து, நீ மூலையில அழுத்தித் தேச்சதும் வெளியில வந்துடுச்சு."

"அய்யோ மதாம், அவ இல்ல. நான்தான்."

"நீ என்ன?"

"நான்தான் கரி கொண்டாந்தேன். வீட்லேர்ந்து."

மதாம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சுத்தம் பண்ண வந்தவன், வீட்லேர்ந்து கரி கொண்டாந்தியா?"

"ஆமா மதாம்."

"எதுக்கு?"

"நீங்க பாக்கத்தான்."

"நான் எதுக்குப் பாக்கணும்?"

"பாத்தாத்தான நான் தொடச்சேன்னு தெரியும்? மில்லுல மேஸ்திரி சாக்கத்தான் பாப்பாரு. மெஷின் சுத்தமா இருந்தா நாங்க பக்கத்து ஆளுகிட்ட பஞ்சு வாங்கி..." சொல்லிக்கொண்டே போனவனுக்குத் தன் பேச்சு தனக்கே பைத்தியக்காரன் பேச்சாகக் கேட்டது. சருகைக் காட்டலாம் என்று இடுப்பைத் தடவினான். அதைப் பின்கட்டில் தொட்டிமுற்றத்துத் தண்ணீர் ஓடுகிற சாக்கடையில் போட்டுவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கொஞ்ச நேரம் முன்னாடி நாலு மூலையிலும் இருந்துச்சுன்னு சொன்ன."

"அது பொய் மதாம். இதுதான் நெசம்."

"பொண்டாட்டியக் காப்பாத்தணும்னா கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லணும்" என்றாள் மதாம் எழுந்து. "அவள வரச் சொல்லு. வரலேன்னா நீயும் வர வேணாம். வேல கேட்டு ஒருத்தி வாசலுக்கு வந்துட்டுதான் போறா."

அம்மாவாசை சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். பொய் சொன்னபோது நம்பினாள். நிஜம் சொன்னபோது நம்பவில்லை. எந்த இடத்தில் பிசகினோம் என்று முன்னாலும் பின்னாலும் ஓட்டிப் பார்த்தான். கரி கொண்டுபோனதா, ராமலிங்கம் பேச்சைக் கேட்டதா, நாலு மூலை என்று சொன்னதா? ஒரு மூலை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாமோ?

தனக்கொடி நடந்ததைக் கேட்டதும் முதலில் சிரித்தாள். மாவுக்கட்டு ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு தலையணையை எடுத்து அவன்மேல் எறிந்தாள்.

"யோவ், ஒனக்கு மூளைன்னு ஒண்ணு வச்சானா இல்லியா? துணி வெள்ளையா வர்றதுக்குத்தான்யா எனக்குச் சோறு! அதுல போயி கரியப் பூசிக்கிட்டு வந்திருக்கியே!"

"நீ சொல்லவே இல்லியே, எதுக்குப் பாக்குறாங்கன்னு."

"எனக்கு மட்டும் சொன்னாங்களா? எனக்கும் இப்பத்தான் தெரியுது."

பிறகு கையை ஊன்றி எழுந்தாள். "ரிக்ஷா கூட்டியா."

"வந்து என்னா சொல்லப் போற? நான் சொன்னதையே நீயும் சொன்னா நம்புவாங்க. ரெண்டு பேரு சொன்னா..."

"நீ வாயத் தொறக்காம வந்தாப் போதும்."

மதாம் வீட்டு வாசலில் ரிக்ஷாவிலிருந்து அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். மதாம் உட்காரச் சொல்லவில்லை. மேசைமேல் அந்தத் துணி விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"சொல்லு" என்றாள் மதாம்.

இப்போது சொல்லிவிடுவாள், மில், மேஸ்திரி, சாக்கு என்று தன்னைவிடக் கோர்வையாகச் சொல்லிவிடுவாள் என்று அம்மாவாசை காத்திருந்தான். தனக்கொடி தலையைக் குனிந்தாள்.

"தப்புதான் மதாம். நான்தான் தொட்டேன்."

அம்மாவாசை ஓர் அடி முன்னால் வந்தான். "ஏ, என்னாடி..."

"நீ சும்மா இருய்யா. நீங்க பூசைக்குப் போயிருந்தீங்க மதாம். சந்தையில வாங்கின சக்கரவள்ளிக் கெழங்கு கையில இருந்துச்சு. அந்தப் பெட்டிக்குள்ள வச்சா எப்டித்தான் வேகுதுன்னு பாக்கணும்னு ஒரு ஆச. ரெண்டு கெழங்கு வச்சேன். ஒரே ஒரு தரந்தான். சாமி சத்தியமா அதுக்கு மேல இல்ல."

மதாம் முகத்தில் அவன் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. கோபம் இறங்குகிறதா, சந்தோஷம் ஏறுகிறதா, அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் மதாம். "துணியப் பாத்ததுமே தெரியும். வெந்துச்சா?"

"எங்க மதாம்! மேல கருகிப் போச்சு. உள்ள பச்சையாவே இருந்துச்சு."

மதாம் சிரித்தேவிட்டாள். "நெருப்பை முழுசாத் திருப்பி வச்சிருப்ப. இது வெறகடுப்பு இல்ல. கொஞ்சமா வச்சு, காத்திருக்கணும். எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல? ஏன் திருட்டுத்தனமாச் செய்யணும்?"

"புத்தி கெட்டுப் போச்சு மதாம்."

"உக்காரு, உக்காரு. அந்தக் கால வச்சுக்கிட்டு நிக்காத." நாற்காலியை மதாமே நகர்த்திப் போட்டாள். "ஒத்துக்கிட்ட, அது போதும். ஒத்துக்கிட்டதுக்கு மேல மனுசங்க கேக்கக் கூடாது. கால் சரியாகி வா. அதுவரைக்கும் இவனே வரட்டும்." அம்மாவாசை பக்கம் கையைக் காட்டினாள். "உன் புருஷன் நல்லவன்தான். பொய் சொல்லத்தான் வரல. வீட்லேர்ந்து கரி கொண்டாந்தானாம்!"

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அம்மாவாசையும் சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் பாதி சிரித்தான்.

திரும்பும்போது ரிக்ஷாவுக்குப் பக்கத்தில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தான். வாய்க்கால் பாலம் வரைக்கும் பொறுத்தான். அதற்குமேல் முடியவில்லை.

"செய்யாத தப்ப ஏன்டி ஒத்துக்கிட்ட? திருட்டுப் பட்டம் இல்லியா அது?"

"சனிக்கெழமை ஆனா அந்தம்மா கோயிலுக்குப் போயி சாமியாருகிட்ட மண்டி போட்டுத் தன் தப்பச் சொல்லிட்டு வரும்" என்றாள் தனக்கொடி. "சொல்லிட்டா தீந்துபோச்சுன்னு முகமே தெளிஞ்சி வரும். அவங்களுக்கு யாராச்சும் தப்ப ஒத்துக்கணும்யா. ஒத்துக்கிட்டா மன்னிப்பாங்க. நீ சொன்னதுல மன்னிக்க என்னா இருக்கு? கரி கொண்டாந்தேன்னு சொன்னா அத எந்தச் சாமி மன்னிக்கும்?"

"அதுக்காக, ஓம்பேரு கெட்டுப் போச்சே."

அவள் காலைத் தூக்கி எதிர்ப்பலகையில் வைத்துக்கொண்டு, முழங்காலைத் தடவிக்கொண்டாள். சிரிப்பெல்லாம் போய் முகம் சோர்ந்திருந்தது.

"கெட்டுதான் போச்சு" என்றாள். "இனிமே அந்த வீட்ல ஒரு கரண்டி காணாமப் போனாலும் என்னத்தான் பாப்பாங்க. என்னா பண்ணச் சொல்ற? நல்ல பேர வச்சுக்கிட்டு வேம்புவ வேலைக்கு அனுப்பச் சொல்றியா?"

மழை தூறத் தொடங்கியது. ரிக்ஷாக்காரர் படுதாவை இழுத்து விட்டார். அம்மாவாசைக்கு இன்னொன்று உறுத்தியது. படுதாவை ஒதுக்கித் தலையை நீட்டினான்.

"ஏ, தனக்கொடி."

"என்னா?"

"மேல கருகும், உள்ள வேகாதுன்னு ஒனக்கு எப்டித் தெரியும்?"

"கெழங்கு எந்த நெருப்புல போட்டாலும் அப்டித்தான்யா ஆவும்."

"நம்ம அடுப்புல போட்டா நல்லாத்தான வேகுது?"

உள்ளே இருட்டில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

"நெசமாச் சொல்லு. அந்தப் பெட்டியில கெழங்கு வச்சியா, வைக்கலியா?"

"வச்சேன்னு சொன்னா நீ நம்புவியா? வைக்கலேன்னு சொன்னா நம்புவியா?"

யோசித்துப் பார்த்தான். இரண்டையும் நம்பலாம்போல இருந்தது. இரண்டையும் நம்ப முடியாதுபோலவும் இருந்தது.

"ரோட்டப் பாத்து ஓட்டுய்யா, பஸ்ஸு வருது" என்றாள் தனக்கொடி. அவன் சைக்கிளை ஓரம் கட்டினான். ரிக்ஷா முன்னால் போய்விட்டது.